பக்கத்துல நிக்கிறதெல்லாம் ஜோடியா?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல அந்த ஃபார்வர்டு மறுபடியும் வந்துடுச்சு.

சொந்தத்துல யாருக்காவது கல்யாணம்னா பத்திரிகைக்கு முன்னாடி இது வந்துடும். (சித்தப்பாதான் அனுப்புவாரு. கடைசியில ரெண்டு கும்பிடு, ஒரு ரோஜாப்பூ.) விஷயம் இதுதான். வானத்துல இருக்கிற இரட்டை நட்சத்திரங்கள்ல எல்லாம் ஒன்னு அசையாம நிக்குமாம், இன்னொன்னு அதைச் சுத்துமாம். அருந்ததியும் வசிஷ்டரும் மட்டும்தான் ஒன்னையொன்னு சரிசமமாச் சுத்துதாம். அதனாலதான் கல்யாணத்துல அதைக் காட்டறாங்களாம். நாசாவே மிரண்டு போச்சாம்.

நாசா பாவம். எதுக்கெல்லாம்தான் மிரளும்?

எந்த இரட்டை நட்சத்திரத்துலயும் ஒன்னு ஹாயா நிக்க, இன்னொன்னு மட்டும் மாங்கு மாங்குன்னு சுத்தறதில்லைங்க. ரெண்டும் பொதுவான எடை மையத்தைத்தான் சுத்தும். எடை ஜாஸ்தியா இருக்கிறது சின்னதாச் சுத்தும், கம்மியா இருக்கிறது பெருசாச் சுத்தும். எல்லா ஜோடிக்கும் இதே கதைதான். இதை குரூப்புல போட்டேன்.

"ரொம்பப் படிச்சுட்டே"ன்னு சித்தப்பா பதில் போட்டாரு. சித்தி ஒரு கட்டைவிரல் போட்டாங்க. (யாருக்குன்னு இன்னும் தெரியல.)

அதோட விட்டிருக்கலாம். ஆனா எனக்குள்ள வேற ஒன்னு குடைய ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு நட்சத்திரம் பக்கத்துல பக்கத்துல தெரியுது, சரி. அது ஜோடின்னு எதை வச்சு சொல்றது? ஒன்னு கிட்டக்கவும் இன்னொன்னு அதுக்குப் பின்னாடி எங்கேயோ எட்டாத தூரத்துலயும் இருக்கலாமே?

அருந்ததி விஷயத்துலயே இந்தச் சந்தேகம் ரொம்ப நாள் ஓடியிருக்கு. சப்தரிஷி மண்டலத்தோட வால்ல நடுவுல இருக்கிறது வசிஷ்டர், மிசார். அதை ஒட்டி மங்கலா இருக்கிறது அருந்ததி, ஆல்கார். ரெண்டும் எண்பது சொச்சம் ஒளியாண்டு தள்ளி. ரெண்டும் வானத்துல ஒரே திசையில, ஏறக்குறைய ஒரே வேகத்துல நகருது. அப்போ ஜோடிதானேன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். சப்தரிஷியில இருக்கிற ஏழுல அஞ்சு நட்சத்திரம் இதே திசையில, இதே வேகத்துலதான் போயிட்டு இருக்கு. ஒரே கூட்டத்துல பிறந்ததுங்க. திண்டிவனத்துல பஸ் ஏறினவங்க எல்லாரும் ஒரே வேகத்துல மரக்காணம் போறாங்க. அதுக்காக எல்லாரும் ஒரே குடும்பம்னு சொல்லிட முடியுமா? யார் டிக்கெட்டை யார் எடுத்தாங்கன்னு பார்த்தாத்தான் தெரியும்.

2010-ல எரிக் மாமாஜெக்ங்கிற வானியலாளரோட குழு கணக்குப் போட்டு, இது ரெண்டும் பெரும்பாலும் ஈர்ப்புல கட்டுப்பட்டதுதான்னு எழுதினாங்க. நடுவுல இருக்கிற தூரம் சுமார் 74,000 வானியல் அலகு. (ஒரு வானியல் அலகுன்னா பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்.) அதுலயும் பிழை வரம்பு பாதிக்கு மேல. மிசார் தனியா நாலு நட்சத்திரம், ஆல்கார் ரெண்டு. ஆக மொத்தம் ஆறு பேர். கல்யாண மண்டபத்துல இதை மட்டும் சொல்லிடாதீங்க.

சரி, மரக்காணத்துக்கு வருவோம்.

அங்க இருக்கிற உப்பளம் எனக்குப் பிடிச்சதுக்கு ஒரே காரணம், மறைக்க ஒன்னும் கிடையாது. மரம் கிடையாது, மாடி கிடையாது. பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. தெற்குப் பக்கம் வானம் தரையைத் தொடற இடம் வரைக்கும் கண்ணு போகும். சென்னையில மொட்டை மாடியில நின்னா தெற்குல பக்கத்து அபார்ட்மெண்ட்டோட தண்ணித் தொட்டிதான் தெரியும். எனக்கு வேண்டிய நட்சத்திரமோ உச்சிக்கு வந்தாலே அடிவானத்துலேர்ந்து 17 டிகிரி உயரம்தான் ஏறும்.

அது ஆல்ஃபா சென்டாரி.

பங்குனி அமாவாசையை ஒட்டி, ராத்திரி ரெண்டு ரெண்டரை மணி வாக்குல அது நேர் தெற்குல வந்து நிக்கும். அதே நேரத்துல திரும்பி வடக்க பார்த்தா அருந்ததி, வசிஷ்டர் நல்ல உயரத்துல. ஒரே இடத்துல நின்னு கழுத்தைத் திருப்பினா ரெண்டு கேஸையும் விசாரிச்சுடலாம். (டெல்லியில இந்த வசதி கிடையாது. அங்க ஆல்ஃபா சென்டாரி அடிவானத்தை விட்டு எழும்பறதே கஷ்டம்.)

தெற்கே பார்த்தீங்கன்னா பளிச்சுன்னு ரெண்டு நட்சத்திரம் தெரியும். இடது பக்கம் ஆல்ஃபா சென்டாரி, வலது பக்கம் பீட்டா சென்டாரி. நடுவுல நாலரை டிகிரி கூட இருக்காது. யார் பார்த்தாலும் ஜோடின்னுதான் சொல்லுவாங்க. அவ்வளவு பொருத்தம்.

சம்பந்தமே கிடையாது! ஆல்ஃபா 4.37 ஒளியாண்டு தூரம். பீட்டா சுமார் 390 ஒளியாண்டு. ஆல்ஃபாவோட நிஜ ஜோடி ரெண்டு. ஒன்னு அதோடயே ஒட்டிக்கிட்டு இருக்கு, வெறும் கண்ணுக்குப் பிரிச்சுத் தெரியாது. இன்னொன்னு ரெண்டு டிகிரி தள்ளி, அதாவது நாலு நிலாவைப் பக்கத்துல பக்கத்துல அடுக்கினா வர்ற தூரத்துக்கும் மேல, பதினோராம் ஒளித்தரத்துல மங்கலா உக்காந்திருக்கு. சுத்தி ஆயிரக்கணக்குல அதே மாதிரி புள்ளிங்க, ஏன்னா அது பால்வீதி போற வழி.

இதுல ஒட்டிக்கிட்டு இருக்கிற முதல் ஜோடியைக் கண்டுபிடிச்சது எங்க தெரியுமா? மரக்காணத்துலேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில வண்டியைத் தட்டினா ஒரு மணி நேரத்துல போயிடலாம்.

பாண்டிச்சேரி. 1689, டிசம்பர் மாசம்.

ழான் ரிஷோன்னு ஒரு பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார். 1687-ல சயாம் போன கூட்டத்துல ஒருத்தர். அடுத்த வருஷமே அங்க ஆட்சி கவிழ்ந்து, பிரெஞ்சுக்காரங்களைத் துரத்தி விட்டுட்டாங்க. மனுஷன் பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தாரு, கையில 12 அடி நீளத் தொலைநோக்கி. அந்த டிசம்பர்ல ஒரு வால் நட்சத்திரம் வந்துச்சு. அதைத் துரத்திக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல இருந்த ஆல்ஃபா சென்டாரியைப் பார்த்தாரு. அது ஒன்னு இல்ல, ரெண்டு.

டிசம்பர்ல அந்த நட்சத்திரம் விடியக்காலையில தென்கிழக்கு ஓரமா எழும்பும். பாண்டிச்சேரியில அந்தப் பக்கம் கடல். அப்போ அவர் கடலுக்கு மேலதான் அதைப் பார்த்திருக்கணும். (மார்கழிக் குளிர்ல, பனியில, 12 அடிக் குழாயைத் தூக்கி நிறுத்திக்கிட்டு! நான் ஒன்னே கால் கிலோ கேமராவுக்கே ஆயிரம் நொட்டை சொல்றேன்.)

பாண்டிச்சேரின்னாலே வானியல் ஆளுங்க எல்லாரும் லெ ஜென்டீலைத்தான் சொல்லுவாங்க. 1769-ல வெள்ளி சூரியனைக் கடக்கிறதைப் பார்க்க வருஷக்கணக்கா காத்திருந்து, அன்னிக்குப் பார்த்து மேகம் மூடிட்ட மனுஷன். சோகக் கதைன்னா நமக்கு இனிக்கும். எண்பது வருஷம் முன்னாடியே அதே ஊர்ல ஜெயிச்சவர் கதையை யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க பள்ளிப் புத்தகத்துல ரெண்டு பேருமே இல்ல, அது வேற விஷயம்.

ரெண்டாவது ஜோடி, அந்தத் தள்ளி உக்காந்திருக்கிற ஆளு, சிக்க இன்னும் 226 வருஷம் ஆச்சு. 1915, ஜோகன்னஸ்பர்க். ராபர்ட் இன்னஸ். இவரைப் பத்தி எனக்குத் தனிப் பாசம். பன்னெண்டு வயசுலயே பள்ளிக்கூடத்தை விட்டவர். சிட்னியில ஒயின் வியாபாரம் பண்ணிக்கிட்டே ராத்திரியில இரட்டை நட்சத்திரம் தேடினவர். அப்புறம் தென் ஆப்பிரிக்கா போய், ஜோகன்னஸ்பர்க் ஆய்வகத்துக்கே தலைவராயிட்டாரு.

அவர் பண்ணது என்னன்னா, அஞ்சு வருஷ இடைவெளியில எடுத்த ரெண்டு போட்டோத் தட்டை ஒரு கருவியில வச்சு, டக் டக்குன்னு மாத்தி மாத்திப் பார்க்கிறது. தூரத்து நட்சத்திரம் எல்லாம் அப்படியே நிக்கும். கிட்டக்க இருக்கிறது மட்டும் குதிக்கும். அப்படிக் குதிச்சதுதான் பிராக்சிமா சென்டாரி. ஆல்ஃபா எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்துல போகுதோ, கிட்டத்தட்ட அப்படியே இதுவும். வருஷத்துக்கு 3.85 ஆர்க் செகண்ட். நிலாவோட முகம் சுமார் 1,800 ஆர்க் செகண்ட் அகலம். அதைக் கடக்கவே பிராக்சிமாவுக்கு ஏறக்குறைய 470 வருஷம் வேணும். நட்சத்திர உலகத்துல இது ராக்கெட் வேகம்.

அப்பவும் பஸ் பிரச்சனை தீரல. கூட்டாளியா, இல்ல சும்மா கூடப் போற ஆளா? 2017-லதான் பியர் கெர்வெல்லா குழு வேகத்தைத் துல்லியமா அளந்து, கட்டுப்பட்டதுதான்னு முடிச்சு வச்சாங்க. 13,000 வானியல் அலகு தள்ளி, ஒரு சுத்து சுத்த சுமார் அஞ்சரை லட்சம் வருஷம். ஆல்ஃபாலேர்ந்து கிளம்பற வெளிச்சம் பிராக்சிமாவுக்குப் போய்ச் சேரவே ரெண்டரை மாசம் ஆகும்.

சந்தேகம், அளவு, மறுபடி சந்தேகம், மறுபடி அளவு. நூறு வருஷம். ஃபார்வர்டுல இதுக்கெல்லாம் இடம் இல்ல.

இதைப் படிச்சதும் எனக்கு அந்தக் குதியை நானே பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சு. பெரிய தொலைநோக்கி இல்ல. 200 எம்எம் லென்ஸ், பழைய கேமரா, பூமி சுத்தறதுக்கு ஈடா கேமராவைத் திருப்பற ஒரு சின்ன டிராக்கர். தெரிஞ்சவர் ஒருத்தர் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்காரு, அவர்கிட்ட கேட்டுக்கிட்டுப் போனேன். (கேக்காம போகாதீங்க. வரப்பை மிதிச்சு உடைச்சா அவங்க பொழைப்பு.)

முதல் எதிரி, பனி. லென்ஸ் கண்ணாடி கால் மணி நேரத்துல மங்கிடும். துடைச்சா உப்புக் கறை. உப்புக் காத்து அங்க எதையும் விடாது. முக்காலி ஸ்க்ரூவெல்லாம் அடுத்த வாரமே சிவந்து போச்சு. பவர் பேங்க்ல ஓடற சூட்டுப் பட்டை ஒன்னு வாங்கி லென்ஸைச் சுத்திக் கட்டினதும் பனி அடங்குச்சு.

ரெண்டாவது எதிரி, பாண்டிச்சேரி. ஆமாங்க, எந்த ஊர்ல அந்த ஜோடியைக் கண்டுபிடிச்சாங்களோ அதே ஊரோட வெளிச்சம்தான் தெற்கு வானத்துல ஆரஞ்சாப் பொங்கி நிக்குது. ஆல்ஃபா அதையெல்லாம் மதிக்காது, வானத்துலயே மூணாவது பிரகாசம். பிராக்சிமா சும்மாவே மங்கல், 15 டிகிரி உயரத்துல அத்தனை காத்தையும் துளைச்சுக்கிட்டு வரணும், அதுக்கு மேல இந்த வெளிச்சம். நீளமா எடுத்தா படம் வெளுத்துடுது. கம்மியா எடுத்தா ஒன்னும் தெரியல. கடைசியில சின்னச் சின்னதா நிறைய எடுத்து, வீட்டுல கம்ப்யூட்டர்ல ஒன்னு மேல ஒன்னு அடுக்கினப்பதான் மங்கல் நட்சத்திரமெல்லாம் மேல வந்துச்சு.

வந்துச்சு சரி. எது பிராக்சிமா? ஒரே கடுகுச் சிதறல்!

இன்னஸ் வழிதான். 1970, 80-கள்ல ஆஸ்திரேலியாவுல யுகே ஷ்மிட் தொலைநோக்கியில எடுத்த வானத் தட்டுங்க இப்போ இணையத்துல இலவசமா கிடைக்குது. அதே இடத்தை இறக்கி, என் படத்தோட அளவுக்குச் சுருக்கி, திருப்பிப் பொருத்தி, லேப்டாப்புல ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டேன். நாப்பது வருஷத்துக்கு மேல இடைவெளி, அப்போ 150-க்கு மேல ஆர்க் செகண்ட் நகர்ந்திருக்கணும். என் கேமரா கணக்குல நாப்பது பிக்சல் வாக்குல. நல்லாவே தெரியணும்.

மாத்தி மாத்திப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு. லேப்டாப்பை அப்படியே அடுத்த ராத்திரி உப்பளத்துக்கும் தூக்கிட்டுப் போயிட்டேன். கேமரா பாட்டுக்கு ஓடும், நான் வரப்புல உக்காந்து தட்டிக்கிட்டு இருப்பேன்.

வெயில் ஏறினா உப்பளத்துல நிக்க முடியாது, அதனால வேலைக்காரங்க இருட்டுலயே வந்துடுவாங்க. தலையில டார்ச்சு, கையில நீளக் கழியில மாட்டின பலகை. ஒரு அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது நின்னாங்க.

"இன்னா தம்பி, சர்வேவா?"

(முக்காலியைப் பார்த்தா யாருக்கும் அந்தப் பயம்தான். நிலத்தை அளக்க வந்தவன்னு.)

"இல்லக்கா. நட்சத்திரம் பாக்கறேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு கம்பூட்டரு? மேலதான இருக்குது."

நியாயமான கேள்வி. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். பழைய படம், புதுப் படம், ரெண்டுக்கும் நடுவுல எது இடம் மாறியிருக்குன்னு தேடறேன்க்கான்னு சொன்னேன். பலகையை ஊனிக்கிட்டு கொஞ்ச நேரம் குனிஞ்சு பார்த்தாங்க. நான் பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தேன்.

"தோ, இது குதிக்குது பாரு."

படத்தோட நடுவுல இல்ல, நான் தேடின இடத்துலயே இல்ல, கீழ் ஓரத்துல. விரலை வச்ச இடத்துல ஒரு செம்புள்ளி மேற்கால டக்குனு தாவிட்டு மறுபடி பழைய இடத்துக்கு வந்துச்சு. அப்புறம் தாவிச்சு. பிராக்சிமா! பாத்தியில உப்பு பூக்கிற பதத்தை நிலா இல்லாத ராத்திரியிலயும் கண்ணால பார்த்துச் சொல்றவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி போல.

"இது அதோட ஜோடிக்கா"ன்னு ஆல்ஃபாவைக் காட்டினேன். "அவ்ளோ தள்ளியா?"ன்னாங்க. சும்மா இருக்காம வடக்க திருப்பி அருந்ததியையும் காட்டினேன். கல்யாணத்துல பார்த்தீங்களான்னு கேட்டதுக்கு ஒரே சிரிப்பு. "பகல்ல கல்யாணம். மேல பாருன்னாரு அய்யரு. கூரையத்தான் பாத்தேன்."

போயிட்டாங்க. வேலை கிடக்குது அவங்களுக்கு.

இப்போ இந்தத் தேடலுக்கு ராத்திரி முழிக்கவே வேணாம். ஐரோப்பாக்காரங்களோட கையா விண்கலம் 2013 டிசம்பர்ல கிளம்பி, 2025 ஜனவரி வரைக்கும் வானத்தை அளந்துச்சு. நூத்தி எண்பது கோடி சொச்சம் நட்சத்திரத்தோட இடம் அதுல இருக்கு, பெரும்பாலானதுக்குத் தூரமும் நகர்வும் கூட. யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம். 2021-ல கரீம் எல்-பாட்ரி குழு அதைச் சலிச்சு பதிமூணு லட்சம் ஜோடி பிடிச்சாங்க. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அவங்க போலி ஜோடியைக் கணக்குப் பண்ண விதம். நட்சத்திரங்களை எல்லாம் இருக்கிற இடத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி வச்ச மாதிரி ஒரு பொய்ப் பட்டியல் போட்டு, அதுக்கும் ஜோடி தேடினாங்க. பொய்ப் பட்டியல்ல சிக்கறதெல்லாம் தற்செயல்தானே? நிஜப் பட்டியல்ல எத்தனை தற்செயல் கலந்திருக்கும்னு அதை வச்சே தெரிஞ்சுடும். என்ன மூளை!

நானும் அந்தத் தரவுல போய்த் தட்டினேன். கூத்து என்னன்னா, அதுல பிராக்சிமா இருக்கு, ஆல்ஃபா சென்டாரி ரெண்டும் இல்ல. ரொம்பப் பிரகாசம், கையாவுக்குக் கண்ணு கூசிடுது. ரிஷோ 12 அடிக் குழாய்ல பார்த்தது இதுக்குத் தெரியல!

நமக்குக் கிட்டக்க இருக்கிற நட்சத்திரங்களுக்கு ஜோடி தேடறதுதான் இன்னும் கஷ்டம். கிட்டக்க இருந்தா ஜோடி வானத்துல ரொம்ப அகலமா விரிஞ்சு தெரியும், யாரும் அவ்வளவு தூரம் போய்த் தேட மாட்டாங்க. ஃபோமல்ஹாட்னு ஒரு பிரகாசமான நட்சத்திரம், 25 ஒளியாண்டு. ஐப்பசி, கார்த்திகையில சாயங்காலம் நமக்குத் தெற்குல நல்லாத் தெரியும். (அதாவது, மழை விட்டா.) அதுக்கு ரெண்டு டிகிரி தள்ளி ஒரு கூட்டாளி. மூணாவது ஆள் 2013-லதான் சிக்கினாரு, அஞ்சு டிகிரிக்கு மேல தள்ளி, பக்கத்துக் கும்ப ராசிக்குள்ள! சிக்க வச்சது அருந்ததியைத் தீர்த்து வச்ச அதே மாமாஜெக். இவ்வளவு விரிஞ்சு போனா இன்னொரு வம்பு, ரெண்டும் விண்வெளியில ஒரே பக்கம் போனாலும் நம்ம பார்வைக் கோணம் மாறறதால வானத்துல நகர்வு கொஞ்சம் வேற மாதிரி தெரியும். அப்படியே ஒப்பிட்டா "இது ஜோடி இல்ல"ன்னு தள்ளிடுவோம்.

நம்ம சென்னைக்கும் இதுல பங்கு உண்டு. நுங்கம்பாக்கம் ஆய்வகத்துல இருந்த வில்லியம் ஜேக்கப் 1855-ல 70 ஓஃபியூச்சிங்கிற இரட்டை நட்சத்திரத்தோட பாதை கணக்குல இடிக்குதுன்னு பார்த்து, அங்க ஒரு கிரகம் இருக்கலாம்னு எழுதினாரு. வேற சூரியனுக்குக் கிரகம்னு அளவை வச்சு வாதாடின முதல் ஆளுங்கள்ல ஒருத்தர். அது பின்னாடி நிக்கல. பரவால்ல, அளந்து பார்த்துச் சொன்னாரு, அளந்து பார்த்துத்தான் மறுத்தாங்க.

கையாவோட அடுத்த தரவு 2026 டிசம்பர்ல வரும்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் சுத்துவட்டாரத்துல தனியா இருக்கிறதா நினைச்ச நட்சத்திரங்களுக்கு அஞ்சாறு டிகிரி வட்டம் போட்டுத் தேடிப் பார்க்கப் போறேன். மூணே நிபந்தனைதான். தூரம் ஒத்துப் போகணும், நகர்வு ஒத்துப் போகணும், வேக வித்தியாசம் ஈர்ப்புக்குள்ள அடங்கணும். அந்தத் தரவுல தேடறதுக்கான கேள்வி வரியை (query) எழுதத் தெரியாதவங்க கேளுங்க, அனுப்பறேன்.

பிராக்சிமாவை நேர்ல பிடிக்கணும்னா பங்குனி அமாவாசை. ராத்திரி ஒரு மணிக்கே வந்துடுங்க. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கிட்டு, லென்ஸுக்குச் சூட்டுப் பட்டை கட்டிக்கிட்டு, முக்காலியை வரப்போட ஓரமா வைங்க, உப்பு தூக்கிட்டு வர்றவங்களுக்கு வழி வேணும். வீட்டுக்குப் போனதும் ஸ்க்ரூவை நல்ல தண்ணியில துடைச்சு எண்ணெய் போட்டுடுங்க. சித்தப்பாவையும் கூப்பிட்டிருக்கேன். கல்யாண வேலை முடியட்டும்னு சொல்லியிருக்காரு.